வாசகர் கேள்வி – பதில்: லெ குவினின் 17 கதைகள்

சென்ற இதழில், மிகுபுனைவுக் (ஃபேன்டசி) கதைகளை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று கேட்டிருந்த வாசகருக்கு, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவினின் ‘தி விண்ட்ஸ் ட்வெல்வ் குவார்ட்டர்ஸ்’ என்னும் சிறுகதைத் தொகுப்பைக் கையில் எடுங்கள் என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரி போதவில்லை என்பதை உங்கள் கடிதங்கள் காட்டிவிட்டன. படித்து முடித்தவர்களும், பாதியில் நிற்பவர்களும், ஒரே ஒரு கதையை வேறெங்கோ படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அந்த ஒரு புத்தகத்துக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: லெ குவினின் பெயர் பெற்ற நாவல்கள் இருக்கும்போது சிறுகதைத் தொகுப்பை முதலில் படிக்கச் சொல்வது ஏன்? நாவல்களைப் படிக்காமல் இந்தக் கதைகள் புரியுமா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: நன்றாகவே புரியும். நீங்கள் குறிப்பிடும் நாவல்கள் பலவற்றுக்கு முன்பே பிறந்த கதைகள் இவை. 1975-இல் வெளிவந்த இந்தத் தொகுப்பில் 1962 முதல் 1974 வரை அவர் எழுதி வெளியான 17 கதைகள் உள்ளன. ஓவியர்கள் தங்கள் பழைய படங்களையெல்லாம் வரைந்த வரிசையில் மாட்டி வைத்துக் காட்டும் கண்காட்சியோடு லெ குவின் தம் முன்னுரையில் இந்தப் புத்தகத்தை ஒப்பிடுகிறார். ஏறத்தாழ எழுதிய வரிசையிலேயே கதைகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் சிறு குறிப்பொன்றையும் எழுதியிருக்கிறார். ‘ஏப்ரல் இன் பாரிஸ்’ என்ற கதைக்கான குறிப்பில், தமக்குப் பணம் கிடைத்த முதல் கதை அதுதான் என்றும், எழுதிய வரிசையில் அது முப்பதாவதோ நாற்பதாவதோ கதையாக இருக்கலாம் என்றும் சொல்கிறார். அந்தக் கதை வெளியான 1962-இல் அவருக்கு வயது 32. அதற்கு முன் எழுதித் திருப்பி அனுப்பப்பட்டவற்றை நினைத்துக்கொண்டு அந்தக் குறிப்பைப் படித்தால், எழுத நினைக்கும் எவருக்கும் மனத்தில் ஓர் உறுதி பிறக்கும்.

விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பார்கள். அந்த முளையை இந்தப் புத்தகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். 1964-இல் வெளியான இரண்டு சிறிய மந்திரவாதிக் கதைகளிலிருந்துதான் 1968-இல் வந்த ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலின் தீவுக்கூட்டம் முழுவதும் வளர்ந்தது. ‘செம்லீஸ் நெக்லஸ்’ என்ற கதை 1966-இல் வந்த அவருடைய முதல் நாவலுக்கு முகப்பாகிவிட்டது. ‘விண்டர்ஸ் கிங்’ கதையில் வரும் பனிக்கோள்தான் 1969-இல் வந்த ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலின் களம். நாவலில் ஓங்கி வளர்ந்து நிற்பது இங்கே இன்னும் தன் வடிவம் இன்னதென்று தீர்மானிக்காத நிலையில் இருக்கிறது. அந்த இரண்டு மந்திரவாதிக் கதைகளில் ஒன்றில், சிறைக் காவலாக ஒரு பூதம் வருகிறது. பின்னால் வந்த எர்த்சீ நாவல்கள் எதிலும் அப்படியொரு பூதம் இல்லை. ஓர் எழுத்தாளர் தம் உலகத்திலிருந்து எதை விலக்கினார், எதை வைத்துக்கொண்டார் என்று பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வாசிப்பு.

தலைப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏ. ஈ. ஹவுஸ்மன் என்ற ஆங்கிலக் கவிஞர் 1896-இல் வெளியிட்ட ‘எ ஷ்ராப்ஷையர் லேட்’ நூலில் உள்ள ஒரு கவிதையிலிருந்து எடுத்த சொற்கள் அவை. காற்றின் பன்னிரண்டு திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்த உயிர், ஒரு மூச்சு விடும் நேரம் மட்டுமே இங்கே தங்குவதாகவும், திரும்பவும் அந்தத் திசைகளுக்கே கலைந்து போகுமுன் கையைப் பற்றிக்கொண்டு மனத்தில் உள்ளதைச் சொல்லுமாறு கேட்பதாகவும் அமைந்த கவிதை அது. சிறுகதைத் தொகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பை நான் பார்த்ததில்லை.

கேள்வி: ‘தி ரூல் ஆஃப் நேம்ஸ்’ கதையைப் படித்தேன். முடிவு திடுக்கிட வைத்தது. ஆனால், கடைசியில் திடுக்கிட வைப்பதற்காக மட்டுமே எழுதிய கதை என்று தோன்றியது. பெயரை மறைப்பதில் அப்படி என்ன ஆழம் இருக்கிறது?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சிராப்பள்ளி)

பதில்: படிக்காதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது, முடிவையும் மறைக்க முடியாது, மன்னிக்கவும். முன்பு சொன்ன இரண்டு மந்திரவாதிக் கதைகளில் இது ஒன்று. ஒரு சின்னத் தீவில், குன்றுக்கு அடியிலுள்ள குகையொன்றில் குண்டான, கூச்ச சுபாவமுள்ள ஒரு மந்திரவாதி வசிக்கிறார். அவர் போடும் மந்திரங்கள் பாதி பலிப்பதில்லை. ஊரார் அவரைப் பெரிதாக மதிப்பதுமில்லை. அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியை, பிள்ளைகளுக்குப் பெயர்களின் விதியைக் கற்றுக்கொடுக்கிறாள்: யாருடைய மெய்ப்பெயரையும் கேட்கக்கூடாது, உன் மெய்ப்பெயரை யாரிடமும் சொல்லக்கூடாது. பெயரும் பொருளும் ஒன்று என்பதால், ஒருவரின் மெய்ப்பெயரை அறிந்தவர் அவரையே ஆள முடியும். பிறகு கறுப்புத் தாடிக்காரன் ஒருவன் கடல் கடந்து வருகிறான். தன் முன்னோர்களின் புதையலை ஒரு டிராகன் கவர்ந்தது என்றும், அந்த டிராகனிடமிருந்து ஒரு மந்திரவாதி அதைக் கைப்பற்றிக்கொண்டு இங்கே ஒளிந்திருக்கிறான் என்றும் அவன் நம்புகிறான். மந்திரவாதியின் மெய்ப்பெயரையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். இருவரும் மாறி மாறி உருவெடுத்துப் போரிடுகிறார்கள். எதிரி டிராகனாக மாறியதும், மெய்ப்பெயரைச் சொன்னால் அவன் தன் மெய்யுருவில் கட்டுண்டு நின்றுவிடுவான் என்று நினைத்து அந்தப் பெயரை உரக்கச் சொல்கிறான். அந்த உருவம் மாறவே இல்லை. அதுதான் அதன் மெய்யுரு.

இதைத் திடுக்கிடல் மட்டும் என்று நீங்கள் நினைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை படித்தால் எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் முறை படிக்கும்போது ஆசிரியையின் பாடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். அந்தப் பாடம் நடக்கும்போது மந்திரவாதி அந்தப் பக்கமாகத்தான் நடந்து போகிறார். தம்மைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரே விதியைச் சின்னப் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். கதை தன் விடையை அங்கேயே நம் கண்முன் வைத்துவிட்டது, நாம்தான் பார்க்கவில்லை. மிகுபுனைவில் எழுத்தாளர் எதை வேண்டுமானாலும் நிகழ்த்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல மிகுபுனைவில் எழுத்தாளர் தாம் வகுத்த ஒரு விதியைக் கடைசிவரை மீறாமல் இருப்பதுதான் வாசகருக்குக் கிடைக்கும் பெரிய இன்பம். தாடிக்காரன் தோற்பதும் அந்த விதியை அறியாததால் அன்று. அதை அறிந்தும், தான் காண விரும்பியதையே கண்டதால்தான்.

இனி ஆழத்துக்கு வருகிறேன். லெ குவினின் பெயரின் நடுவிலுள்ள ‘கே’ என்ற எழுத்து, குரோபர் என்னும் பிறந்தகப் பெயரின் முதலெழுத்து. அவருடைய தந்தை ஆல்ஃபிரட் குரோபர் கலிபோர்னியாவின் பழங்குடிகளை ஆராய்ந்த மானிடவியலாளர். 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், தன் இனத்தார் அனைவரும் அழிந்துபோக, தன்னந்தனியனாக ஒருவர் காட்டிலிருந்து வெளியே வந்தார். யானா மக்களின் ஒரு பிரிவைச் சேர்ந்த அவர் தம் பெயரை யாருக்கும் சொல்லவில்லை. அவரை அறிந்தவர்களில் அந்தப் பெயரைச் சொல்வதற்கு ஒருவரும் உயிரோடு இல்லை. குரோபர் அவரை ‘இஷி’ என்று அழைத்தார். யானா மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள். 1916-இல் இறக்கும்வரை அவருடைய மெய்ப்பெயர் வெளிவரவில்லை. லெ குவின் பிறந்ததே 1929-இல்தான். ஆனால் அவருடைய தாய் தியோடோரா குரோபர் இஷியின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி 1961-இல் வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில் மகள், பெயரை மறைத்து வாழும் மாந்தர்களின் தீவுக்கதையை எழுதுகிறார். இதிலிருந்துதான் அது வந்தது என்று லெ குவின் சொன்னதாக நான் கூறவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நம்மிடமும் இதற்கு இடம் இருக்கிறது. கணவரின் பெயரை வாயால் சொல்லாத பாட்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்த பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர் வைத்து எமனின் கண்ணிலிருந்து மறைத்த தாய்மார்களின் ஊர்களிலிருந்துதான் நம்மில் பலர் வந்திருக்கிறோம். பெயர் என்பது வெறும் அடையாளமில்லை என்று நம்பியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்க முடியாது.

கேள்வி: ஒரு வாரக்கடைசியில் இரண்டே நாளில் முழுத் தொகுப்பையும் படித்து முடித்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் நாலைந்து கதைகளைத் தவிர எதுவும் நினைவில் இல்லை. குறை என்னிடமா, புத்தகத்திடமா?
(மென்பொருள் ஊழியர், கோயம்புத்தூர்)

பதில்: வேகத்திடம். நாவலில் ஓர் உலகத்துக்குள் ஒருமுறை நுழைந்தால் 300 பக்கங்களுக்கு அங்கேயே குடியிருக்கலாம். மிகுபுனைவுச் சிறுகதைத் தொகுப்பில் ஒவ்வொரு பதினைந்து பக்கத்துக்கும் ஒரு புதிய உலகம், புதிய வானம், புதிய விதி. முந்தைய உலகத்தை விட்டு வெளியே வருவதற்குள் அடுத்ததில் காலை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு கதை போதும். கதைக்கு முன்னாலுள்ள குறிப்பைக் கதைக்குப் பின்னால் படியுங்கள். லெ குவினே சில இடங்களில் கதையின் சாரத்தைக் குறிப்பில் சொல்லிவிடுகிறார்.

நீங்கள் மறந்திருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ‘திங்ஸ்’ என்ற கதையில் ஒரு கடற்கரை ஊரில் உலகத்தின் முடிவு நெருங்கிவிட்டது. சிலர் அழுதுகொண்டே இருக்கிறார்கள். சிலர் ஆத்திரத்தோடு பொருள்களை உடைத்தும் கால்நடைகளை வெட்டியும் திரிகிறார்கள். லிஃப் என்பவன் செங்கல் அறுப்பவன். விற்க ஆளில்லாமல் அடுக்கிக் கிடக்கும் செங்கற்களை உடைக்க மனமில்லாமல், தொலைவிலுள்ள தீவுகளைப் பற்றிக் கேள்விப்பட்டதை மட்டும் நம்பி, இரவில் வண்டியில் கொண்டுபோய்க் கடலில் கொட்டுகிறான். அலைக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாமல், செங்கல் செங்கல்லாக ஒரு பாதை நீள்கிறது. ஒரு விதவைப் பெண்ணும் அவள் குழந்தையும் அவனோடு சேர்ந்துகொள்கிறார்கள். கல் தீர்ந்துபோகிறது, பாதை நடுக்கடலில் நிற்கிறது. கடைசி நாளில் அவர்கள் இடுப்பளவு நீரில் அந்தப் பாதையில் நடந்து, கடைசிச் செங்கல்லைத் தாண்டி அடியெடுத்து வைக்கும்போது, தூரத்தில் ஒரு பாய்மரம் தெரிகிறது. இந்தக் கதையைப் படித்த அன்று வேறு எதையும் படிக்காதீர்கள். காலுக்கு அடியில் அந்தக் கல்லின் சொரசொரப்பு மறுநாள்வரை இருக்கும்.

கேள்வி: ‘விண்டர்ஸ் கிங்’ கதையைத் தமிழில் மொழிபெயர்க்க முயன்று முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். ஆணும் பெண்ணும் அல்லாத மக்களைப் பற்றிய கதையில் அவன், அவள் என்று எதை எழுதுவது? ‘அவர்’ என்று போட்டுவிட்டால் தீர்ந்துவிடாதா?
(மொழிபெயர்ப்பு பயிலும் வாசகி, சென்னை)

பதில்: உங்கள் கடிதம்தான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. கெத்தென் என்ற அந்தப் பனிக்கோளின் மக்கள் ஆணாகவும் பெண்ணாகவும் பிரிந்து பிறப்பதில்லை. 1969-இல் கதை முதலில் வெளியானபோது லெ குவின் அவர்களை ஆண்பாலில் எழுதினார். அதே ஆண்டு வந்த நாவலிலும் ஆண்பாலையே பயன்படுத்தினார். அதற்காகப் பெண்ணிய வாசகர்கள் அவரைக் குறை சொன்னார்கள். 1975-இல் தொகுப்புக்காக இந்தக் கதையைத் திருத்தியபோது அவர் எல்லா மாந்தர்களுக்கும் ‘அவள்’ என்ற பெண்பால் பிரதிப்பெயரைக் கொடுத்தார். ஆனால் அரசன், பிரபு போன்ற பட்டங்களை ஆண்பாலிலேயே விட்டுவிட்டார். அந்த முரண் தற்செயலாக விடுபட்டதில்லை. வாசகர் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்து, தம் மனம் ஏன் தடுக்குகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்றே வைத்தது.

தமிழில் ‘அவர்’ என்று எழுதினால் தடுக்கல் இருக்காது. பலர்பால் வடிவமே மரியாதைக்கு வந்துவிடுவதால், ‘அரசர் வந்தார்’ என்ற தொடரில் எவருக்கும் எந்த உறுத்தலும் தோன்றாது. ஆனால் படிப்பவர் மனத்தில் மீசை வைத்த அரசர் ஒருவரே வந்து நிற்பார். நம் மொழி எளிதாக வழிவிடுகிற இடத்தில் கதை தன் முள்ளை இழந்துவிடுகிறது. ஆகவே ‘அரசன் வந்தாள்’ என்று துணிந்து எழுதுங்கள் என்பதே என் கருத்து. ஆங்கிலத்தில் இந்த முரண் பிரதிப்பெயர் வரும் இடத்தில் மட்டும் தெரியும். தமிழில் ஒவ்வொரு வினைமுற்றின் ஈற்றிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘அரசன் எழுந்தாள், கதவைத் திறந்தாள், பனியைப் பார்த்தாள்’ என்று மூன்று வினை வந்தால் மூன்று முறை அந்த முள் தைக்கும். லெ குவின் தேடிய விளைவு ஆங்கிலத்தைவிட நம் மொழியில் வலுவாக நிகழும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே சமயம் எச்சங்கள் உங்களுக்குக் கை கொடுக்கும். எழுந்து, திறந்து, பார்த்த, நின்ற என்ற சொற்களுக்குப் பால் கிடையாது. முள் வேண்டாத, வாசகர் மூச்சு விட வேண்டிய இடங்களில் எச்சங்களாகவே தொடரை நீட்டிக்கொண்டு போய், முள் வேண்டிய இடத்தில் முற்றை வைக்கலாம். கதையின் உச்சக்காட்சியில், விண்கலத்தில் போய்த் திரும்பியதால் இளமையாகவே இருக்கும் பெற்றவரும், பெற்றவரைவிட மூத்துப்போன பிள்ளையும் எதிரெதிரே வருகிறார்கள். ஆட்சியைப் பாழாக்கி இறந்து கிடக்கும் கிழப்பிள்ளையின் உடலருகே நிற்பது இளம் பெற்றவர். அங்கே அப்பா என்றோ அம்மா என்றோ எழுதிவிடாதீர்கள். ‘பெற்றவள்’ என்பதே போதும். முதல் பக்கத்தை இந்த முறையில் எழுதிப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். படிக்க மிகவும் ஆவலாக இருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. இந்தத் தொகுப்பை அவனுக்குக் கொடுக்கலாமா?
(வாசகி, ஈரோடு)

பதில்: முழுவதுமாக வேண்டாம். ‘தி ரூல் ஆஃப் நேம்ஸ்’ கதையை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். ‘செம்லீஸ் நெக்லஸ்’ கதையையும் சொல்லலாம்: குடும்ப நகையான ஒரு கழுத்தணியைத் தேடி ஒரே ஓர் இரவுப் பயணம் போன இளம் தாய், திரும்பி வரும்போது கணவன் இறந்து, கைக்குழந்தையாக விட்டுப்போன மகள் தன் வயதுப் பெண்ணாக எதிரில் நிற்பதைக் காண்கிறாள். மகள் ரேவதிக்கு மணமகன் தேடிப் பிரம்மலோகம் சென்று, அங்கே பாட்டுக் கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் பூமியில் யுகங்கள் கழிந்துபோன அரசனின் கதையை விஷ்ணு புராணத்திலிருந்து முதலில் சொல்லிவிட்டால், பையனுக்கு இது உடனே பிடிபடும். மற்றவை பெரியவர்களுக்கானவை. சிறகு முளைத்த பூனைகளைப் பற்றி லெ குவின் 1988-இல் எழுதிய ‘கேட்விங்ஸ்’ குழந்தைகளுக்கென்றே எழுதியது.

கேள்வி: ‘தி ஒன்ஸ் ஹூ வாக் அவே ஃப்ரம் ஓமெலாஸ்’ கதையைத் தனியாக ஒரு பாடத்தொகுப்பில் படித்தேன். படித்த இரவு தூங்கவில்லை. அந்தக் குழந்தையை விட்டுவிட்டு நடந்து போகிறவர்களை எப்படி நல்லவர்கள் என்று சொல்வது? போவதால் குழந்தைக்கு என்ன பயன்?
(இரண்டு குழந்தைகளின் தாய், தஞ்சாவூர்)

பதில்: தூங்க முடியாமல் போனதுதான் சரியான வாசிப்பு. 1973-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு, விஞ்ஞானப் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் வழங்கப்படும் ஹியூகோ விருதைப் பெற்ற கதை அது. கடலோரத்திலுள்ள ஓமெலாஸ் நகரம் கோடை விழாவில் திளைக்கிறது. அங்கே எல்லோரும் உண்மையாகவே மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சி முழுவதும் ஒரே நிபந்தனையின்மேல் நிற்கிறது. ஒரு நிலவறையில், அழுக்கிலும் இருட்டிலும் ஒரு குழந்தை அடைபட்டுக் கிடக்க வேண்டும். ஒரு கனிவான சொல்கூட அதற்குக் கிடைக்கக்கூடாது. ஊரார் அனைவருக்கும் இது தெரியும். பெரும்பாலோர் அழுது, ஆத்திரப்பட்டு, பிறகு ஏற்றுக்கொள்கிறார்கள். சிலர் மட்டும் அதைப் பார்த்த பிறகு வீடு திரும்பாமல், தனியாக, ஊரைவிட்டு இருளுக்குள் நடந்து போய்விடுகிறார்கள்.

இப்படியொரு நிபந்தனையை வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1891-இல் ஒரு கட்டுரையில் எழுப்பியிருந்தார்; ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி அதற்கு முன்பே ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் இவான் என்ற பாத்திரத்தின் வாயிலாக எழுப்பியிருந்தார். தாம் தஸ்தயேவ்ஸ்கியை மறந்துபோய் ஜேம்ஸிடமிருந்து இதைப் பெற்றதாகவும், ஊரின் பெயர் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்திலுள்ள சேலம் நகரத்துச் சாலைப் பலகையைத் தலைகீழாகப் படித்ததால் கிடைத்ததாகவும் லெ குவின் குறிப்பில் சொல்கிறார்.

நீங்கள் கேட்ட கேள்வியைக் கதை தனக்குள் கேட்கவுமில்லை, பதில் சொல்லவுமில்லை. ஆனால் இந்தத் தொகுப்பு பதில் சொல்கிறது என்று நான் கருதுகிறேன். பாடத்தொகுப்புகளில் இந்தக் கதையைத் தனியாகப் பிடுங்கி நடும்போது இழந்துவிடுவது அதைத்தான். ஓமெலாஸ் கதைக்கு அடுத்தபடியாக, தொகுப்பின் கடைசிக் கதையாக ‘தி டே பிஃபோர் தி ரெவல்யூஷன்’ வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முன்குறிப்பில் லெ குவின், ஓமெலாஸை விட்டு நடந்து போனவர்களில் ஒருவரைப் பற்றிய கதை இது என்று சொல்கிறார். அந்த ஒருவர் ஓடோ என்ற மூதாட்டி. அதிகாரமற்ற சமூகம் ஒன்றைக் கனவு கண்டு, அதற்காகச் சிறையில் ஆண்டுகளைக் கழித்து, சிறையிலேயே புத்தகம் எழுதி, ஓர் இயக்கத்தையே உருவாக்கியவர். 1974-இல் வந்த ‘தி டிஸ்பொசெஸ்ட்’ நாவலில் அவருடைய கொள்கையில் ஒரு சமூகமே வாழ்கிறது. கதையில் நாம் பார்ப்பது பக்கவாதம் வந்து தேறிய கிழவியை. கால் ஒத்துழைக்கவில்லை. இளைஞர்கள் தன்னைச் சிலையைப் பார்ப்பது போலப் பார்ப்பது அவருக்கு எரிச்சலாக இருக்கிறது. இறந்துபோன கணவரை நினைத்துக்கொள்கிறார். தனியாகத் தெருவுக்குப் போய், சாக்கடை நாறும் ஏழைகளின் வீதியில் களைத்துப்போய் உட்கார்ந்துவிடுகிறார். மறுநாள் பொது வேலைநிறுத்தம். அதில் தாம் இருக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரிகிறது.

நடந்து போனவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு இதுதான் விடை: அவர்கள் நாற்பது ஐம்பது ஆண்டுகள் வேலை செய்யப் போனார்கள். வாசல் தாண்டிய அந்த ஓர் அடியோடு முடிந்துபோகும் காரியமாக அதை லெ குவின் நினைக்கவில்லை. அந்த நிலவறைக் குழந்தைக்கு இதனால் உடனே பயன் உண்டா என்று நீங்கள் திரும்பவும் கேட்பீர்கள். இல்லை. ஒரு தாயாக அந்த இடத்தில் நீங்கள் நின்றுவிடுவது நியாயம். நானும் அங்கேதான் நிற்கிறேன். ஆனாலும் கடைசிக் கதையைப் படித்துவிட்டு அங்கே நில்லுங்கள்.

கேள்வி: விஞ்ஞானப் புனைவும் மிகுபுனைவும் கலந்திருக்கும் இந்தத் தொகுப்பில் உங்களுக்கு மிகவும் பிடித்த கதை எது?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: ‘டைரக்‌ஷன் ஆஃப் தி ரோட்’. ஓமெலாஸுக்கு முன்னால் இருப்பதால் பலர் வேகமாகத் தாண்டிவிடும் சின்னக் கதை. சாலையோர ஓக் மரம் ஒன்று தன்னிலையில் பேசுகிறது. நாம் ஒரு மரத்தை நோக்கிப் போகும்போது அது பெரிதாகிக்கொண்டே வருகிறது, கடந்து போனதும் சிறுத்துப்போகிறது அல்லவா? அதை நம் கண்ணின் தோற்றம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மரமோ அதைத் தன் வேலை என்கிறது. நடந்து வருபவருக்கு நிதானமாக வளர்ந்து, தலைக்கு மேல் நிழலாகி, பிறகு நிதானமாகச் சுருங்க வேண்டும். குதிரையில் வருபவருக்கு அவருடைய கதிக்குத் தக்க ஆட வேண்டும். அந்தக் காலத்தை மரம் ஆசையோடு நினைத்துப் பார்க்கிறது. பிறகு மோட்டார் கார்கள் வருகின்றன. இரு திசையிலும், வெவ்வேறு வேகத்தில், ஒரே சமயத்தில் வரும் இத்தனை வண்டிகளுக்கும் தனித்தனியாக வளரவும் சுருங்கவும் வேண்டும். ஒரு நொடிகூட ஓய்வில்லை. உள்ளே இருப்பவர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதுமில்லை. இருந்தும் மரம் தன் கடமையில் தவறவில்லை. வெறும் ஒரு பார்வைக் கோணத்தைத் திருப்பி வைத்ததில் முழு உலகமே மாறிவிடுகிறது. டிராகனும் மந்திரக்கோலும் இதற்குத் தேவைப்படவில்லை.

கடைசியில் ஒரு கார் முந்திப் போக முயன்று மரத்தின்மேல் மோதுகிறது. ஓட்டியவன் அந்தக் கணத்தில் நிமிர்ந்து மரத்தைப் பார்க்கிறான். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மனிதன் அதை முழுவதுமாகப் பார்க்கிறான். அவன் கண்ணில் அது மரணமாகவும் நித்தியமாகவும் தெரிகிறது. அவனைக் கொன்றதற்காக மரம் வருந்தவில்லை, அது தவிர்க்க முடியாததாக இருந்தது. தன்னை நித்தியமாக ஆக்கியதைத்தான் அது மன்னிக்க மறுக்கிறது. தானும் பிறந்து, வளர்ந்து, பட்டுப்போகப்போகிற உயிர்தான். மரணத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் மனிதர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், மரத்திடம் வர வேண்டாம் என்று அது சொல்லிவிடுகிறது.

அப்படி ஒரு மரம் உண்மையிலேயே இருந்தது என்று லெ குவின் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆரகன் மாநிலத்தில், மெக்மின்வில் ஊரின் புறவழிச்சாலைக்குச் சற்றுத் தெற்கே, 18-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் அது நின்றது. முந்தைய ஆண்டில் ஒரு பெரிய கிளை முறிந்து விழுந்ததாம். அப்படியும் கம்பீரம் குறையவில்லையாம். அவருடைய குடும்பம் ஆண்டுக்குப் பல முறை அதைக் கடந்து போகும். ஒவ்வொரு முறையும் அந்த மரம் அவர்களுக்காக வளர்ந்து, அவர்களுக்காகச் சிறுத்ததாம்.